காலைல 89, மத்தியானம் 90.5: ட்யூப் பெண்டிங் ஆங்கிள் பத்தி வாசகர் கேள்விகள்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்ப இருந்துச்சு. சிஎன்சி ட்யூப் பெண்டிங் மெஷின்ல, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்படி ட்யூபை வளைக்கிற மெஷின்ல, புரோகிராம் அதே, டை (ட்யூபை வளைக்கிற அச்சு) அதே, ஆளும் அதே, ஆனா ஆங்கிள் மட்டும் பீஸுக்கு பீஸ் மாறுதுன்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இந்த தடவை முழுக்க இதையே எடுத்துக்கிட்டேன். கேட்டவங்க பேரு போடலை, வேலை பாக்குற இடத்துல அவங்களுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது.

கேள்வி: அண்ணே, ஓசூர்ல டூவீலர் பார்ட்ஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனில செட்டரா இருக்கேன். ஹைட்ராலிக் சிஎன்சி பெண்டர், வாங்கி பதினோரு வருஷம் ஆச்சு. 25.4 மிமீ ஓடி (வெளி விட்டம்), 1.6 மிமீ தடிமன், ஈஆர்டபிள்யூ ட்யூப் (தகட்டைச் சுருட்டி நீளவாக்குல வெல்ட் பண்ணது), 90 டிகிரி பெண்ட். டிசம்பர் பொறந்ததுல இருந்து காலை ஷிப்ட் ஆரம்பிக்கும்போது 89 வருது, நான் கரெக்ஷன் ஏத்துறேன், பத்து மணி வாக்குல 90.5 ஆயிடுது, இறக்குறேன், சாப்பிட்டு வந்து ஓட்டுனா முதல் ரெண்டு மூணு பீஸ் மறுபடி கம்மி. நடுநடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு பீஸ் அரை டிகிரி எகிறுது. நான்தான் கண்டபடி நம்பர் மாத்துறேன்னு சூப்பர்வைசர் சொல்றார். தினம் முப்பது நாப்பது பீஸ் ரீவொர்க் போகுது. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை.

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கரெக்ஷன் நம்பர்ல கை வைக்கிறதை ரெண்டு நாள் நிறுத்துங்க. நீங்க தப்பு பண்றீங்கன்னு சொல்லலை, ஆனா நம்பரை மாத்திக்கிட்டே இருந்தா மெஷின் என்ன சொல்ல வருதுன்னு நமக்குக் கேக்காமயே போயிடும். இதுக்கு ஒரு கணக்கே இருக்கு. பீஸ் எல்லாம் சும்மா முன்னப்பின்ன சிதறி வர்ற நேரத்துல ஒவ்வொரு பீஸையும் அளந்து, அதுல எவ்வளவு தப்போ அவ்வளவை உடனே திருப்பி அடுத்த பீஸுக்குக் கொடுத்தா, சிதறல் குறையாது, இருந்ததை விட கிட்டத்தட்ட 1.4 மடங்கு ஆகும். நல்ல மனசோட திருத்தத் திருத்த ரிஜெக்ஷன் ஏறும். அதனால உங்க சூப்பர்வைசர் சொல்றதுல ஒரு பாதி உண்மை இருக்கு, ஆனா காரணம் நீங்க இல்லை, மூல வியாதி வேற இடத்துல இருக்கு.

உங்க கடிதத்துலயே ரெண்டு தனித்தனி வியாதி தெரியுது. ஒண்ணு, நேரத்தோட மெதுவா ஏறுறது, காலைல கம்மி, சூடு ஏற ஏற அதிகம், நிறுத்தி ஆரம்பிச்சா மறுபடி கம்மி. இன்னொண்ணு, நடுவுல திடீர்னு எகிறுற ஒத்தை பீஸ். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டா ரெண்டுமே புடிபடாது. ஒரு நோட்டுல ஒவ்வொரு பீஸுக்கும் நேரம், அளந்த ஆங்கிள், பெண்ட் முடிஞ்ச நொடியில ஸ்கிரீன்ல நின்ன ஆர்ம் (ட்யூபைப் புடிச்சு சுத்தி வளைக்கிற கை) ஆங்கிள், ஆயில் டெம்பரேச்சர், எந்த 6 மீட்டர் லென்த்ல இருந்து வெட்டுனது, இந்த அஞ்சையும் எழுதுங்க. ஒரு ஷிப்ட் எழுதுனாலே போதும், பாதி விஷயம் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

மெதுவா ஏறுறதுக்கு என் முதல் சந்தேகம் ஆயில் மேல. ஓசூர் டிசம்பர் காலை எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சென்னைல இதே மெஷின் இருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஹைட்ராலிக் ஆயில் 46 கிரேடுன்னா 40 டிகிரி செல்சியஸ் சூட்டுல அதோட பிசுபிசுப்பு 46 சென்டிஸ்டோக்ஸ்னு அர்த்தம், அதே ஆயில் 20 டிகிரி சூட்டுல ரெண்டு மடங்குக்கு மேல கெட்டியா இருக்கும். பழைய ஹைட்ராலிக் மெஷின்ல ஆர்ம் குறிப்பிட்ட ஆங்கிள் கிட்ட வந்ததும் வால்வு மூடும், மூடுன பிறகும் ஆர்ம் கொஞ்சம் ஓடித்தான் நிக்கும், அந்தக் கடைசி ஓட்டம் எவ்வளவுங்கிறது ஆர்ம் வந்த வேகத்தைப் பொறுத்தது. ஆயில் கெட்டியா இருந்தா ஆர்ம் மெதுவா வரும், கம்மியா ஓடும். சூடாயிட்டா வேகமா வரும், கூட ஓடும். உங்க 89ம் 90.5ம் இதோட நல்லாவே பொருந்துது.

சந்தேகத்தை உறுதி பண்றது சுலபம். ஸ்கிரீன்ல நின்ன ஆர்ம் ஆங்கிளும் ட்யூபோட ஆங்கிள் கூடவே சேர்ந்து ஏறுதான்னு நோட்டைப் பாருங்க. சேர்ந்து ஏறுனா ட்யூப் மேல பழி இல்லை, ஆர்ம் நிக்கிற இடமே மாறுது, ஹைட்ராலிக் பக்கம் போங்க. காலைல வந்ததும் ட்யூப் போடாம அரை மணி நேரம் வெறும் சைக்கிள் ஓட்டுங்க, ஆயில் 40 டிகிரி தொட்ட பிறகு ஃபர்ஸ்ட் பீஸ் எடுங்க. சாப்பாட்டு நேரத்துல பம்பை நிறுத்தாம ஓட விட முடியுமான்னு மெயின்டெனன்ஸ்ல கேளுங்க. கடைசி 10, 15 டிகிரியை ஸ்லோ ஸ்பீட்ல வர்ற மாதிரி புரோகிராம்ல வையுங்க, மெதுவா வந்து நின்னா சூடு குளிர் வித்தியாசம் ரொம்பக் குறைஞ்சிடும், சைக்கிள் டைம் ஒரு செகண்ட் கூடும், கூடட்டும், நாப்பது பீஸ் ரீவொர்க்கை விட அது மலிவுதான். டேங்க்ல ஆயில் லெவல், நுரை இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஆயில்ல காத்து கலந்துட்டா ஆர்ம் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி அமுங்கி நிக்கும், அப்புறம் எந்த நம்பர் போட்டும் புண்ணியமில்லை.

இப்ப அந்தத் திடீர் பீஸ். அந்தப் பீஸுக்கு மட்டும் ஸ்கிரீன்ல ஆர்ம் ஆங்கிள் மத்ததுக்கு சமமாவே நின்னிருந்தா மூணு இடம் பாக்கணும்: ட்யூப், புடி, ஸ்கிரீனுக்குத் தெரியாத மெக்கானிக்கல் லூஸ்.

ட்யூபா மெஷினான்னு பிரிக்க ஒரு டெஸ்ட் சொல்றேன், காசே ஆகாது. ஒரே 6 மீட்டர் லென்த்ல இருந்து 550 மிமீல பத்துத் துண்டு வெட்டுங்க, தையல், அதாவது வெல்ட் சீம், பத்துலயும் ஒரே பக்கம் இருக்கிற மாதிரி வெச்சு வரிசையா பெண்ட் போடுங்க. அப்புறம் பத்து வேற வேற லென்த்ல இருந்து ஒவ்வொரு துண்டு எடுத்து அதே மாதிரி போடுங்க. முதல் பத்து ஒரே மாதிரி வந்து ரெண்டாவது பத்து சிதறுனா ட்யூப்தான் காரணம். முதல் பத்தே சிதறுனா ட்யூபை விட்டுடுங்க, மெஷின்லயும் டூலிங்லயும் தேடுங்க. இந்த ஒரு டெஸ்ட்டைப் பண்ணாம சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்புட்டு வாசல்ல காத்திருக்கிற கம்பெனிகளைப் பாத்தா எனக்கு மனசு வலிக்கும், அவர் வந்து இறங்கி போர்டை மாத்திட்டு பில்லைக் கொடுத்துட்டுப் போவார், ட்யூப் லாட் கலந்து இருக்கிறது அப்படியே இருக்கும்.

புடின்னு சொன்னது கிளாம்ப் டை. பெண்ட் டைக்கும் கிளாம்ப் டைக்கும் நடுவுல ட்யூபை இறுக்கிப் புடிச்சுத்தான் ஆர்ம் இழுக்குது, அது கொஞ்சம் சறுக்குனாலும் பெண்ட் ஆரம்பிக்கிற இடம் தள்ளிப் போகும், உள்பக்கம் சுருக்கம் விழும், ஆங்கிளும் ஆடும். கிளாம்ப் டையோட ஓரத்துல ட்யூப் மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டு பெண்ட் பண்ணுங்க, முடிஞ்சதும் கோடு டை ஓரத்துலயே இருக்கா, நகர்ந்திருக்கான்னு பாருங்க. சறுக்கலுக்கு நான் அதிகம் பாத்த காரணம் எண்ணெய்தான், வைப்பர் டைக்கும் (உள்பக்கம் சுருக்கம் விழாம தடுக்கிறது) மேண்ட்ரலுக்கும் (ட்யூபுக்குள்ள நின்னு தாங்குற கம்பி) அடிக்கிற லூப்ரிகன்ட் வழிஞ்சு கிளாம்ப் பள்ளத்துக்குள்ள வந்துடும், நாலஞ்சு பீஸ் நல்லா போகும், ஒண்ணு சறுக்கும். துணியால துடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க.

மூணாவது, ஸ்கிரீனுக்குத் தெரியாத லூஸ். என்கோடர், அதாவது ஆங்கிளை அளந்து ஸ்கிரீனுக்குச் சொல்ற சென்சார், எங்க மாட்டியிருக்கோ அதுவரைக்கும்தான் ஸ்கிரீனுக்குத் தெரியும். அதுக்கு அப்புறம் இருக்கிற செயின் தளர்ச்சி, பெண்ட் டை உக்கார்ற கீ (டை நகராம புடிக்கிற சின்ன இரும்புக் கட்டை), டையை இறுக்குற போல்ட், இதுல ஆட்டம் இருந்தா ஸ்கிரீன் 93னு அழகா காட்டும், டை 92.4ல நிக்கும். பல வருஷத்துக்கு முன்னாடி அம்பத்தூர் பக்கம் ஒரு ஷாப்ல மூணு நாள் நானே இப்படி கரெக்ஷன் நம்பரோட மல்லுக்கட்டியிருக்கேன், கடைசில டையைக் கழட்டிப் பாத்தா கீ ஒரு பக்கம் தேஞ்சு போய் அரை மில்லி ஆட்டம். அந்த மூணு நாளும் ஆபரேட்டருக்குத்தான் திட்டு விழுந்துச்சு, அது இன்னிக்கும் எனக்கு உறுத்தும். அதனால உங்களுக்குச் சொல்றேன், பவரை ஆஃப் பண்ணி, பிரஷர் இறங்கிடுச்சான்னு பாத்து, லாக் போட்டுட்டு, டை மேல டயல் கேஜ் வெச்சு கையால ரெண்டு பக்கமும் அசைச்சுப் பாருங்க. 60 மிமீ ஆரத்துல அரை மில்லி ஆட்டம்னா அது கிட்டத்தட்ட அரை டிகிரி. நீங்க சொன்ன எகிறலும் அதே அரை டிகிரிதான்.

நோட்டுல எழுதுனதை சூப்பர்வைசர்கிட்ட காட்டுங்க. வாயால சொன்னா சண்டை வரும், எழுதுனதைக் காட்டுனா கூட உக்காந்து பாப்பாங்க.

கேள்வி: ஐயா, கரூர்ல பஸ் பாடி கட்டுறவங்களுக்கு சீட் பிரேம் பெண்ட் போட்டுக் கொடுக்கிறோம், சொந்தத் தொழில். எலக்ட்ரிக் மெஷின்தான், வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஒரு லோடு ட்யூப் முடிஞ்சு அடுத்த லோடு வந்தா செட்டிங் எல்லாம் மாறிப் போகுது, ஒரே கட்டுக்குள்ளயே சில சமயம் ஒரு டிகிரி வித்தியாசம். டீலர்கிட்ட கேட்டா டெஸ்ட் சர்டிபிகேட்டைக் காட்டி எல்லாம் ஓகே, அதே கிரேடுதான்னு சொல்றார். யார் சொல்றதை நம்புறது?

பதில்: டீலர் சொல்றதும் உண்மை, உங்க கஷ்டமும் உண்மை. சிக்கல் அந்த கிரேடுங்கிற வார்த்தைல இருக்கு. ஒய்எஸ்டி 240ன்னா ட்யூபோட ஈல்ட் ஸ்டிரென்த் (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற பலம்) குறைஞ்சபட்சம் 240 மெகாபாஸ்கல் இருக்கணும்னுதான் அர்த்தம், அதுக்கு மேல எவ்வளவு இருந்தாலும் பாஸ்தான். ஒரு ஹீட்ல (ஒரே தடவை உருக்குன இரும்பு) 260 வரும், இன்னொரு ஹீட்ல 340 வரும், ரெண்டு சர்டிபிகேட்லயும் ஓகேன்னு முத்திரை இருக்கும். வெல்டுக்கோ பலத்துக்கோ அது பிரச்சனை இல்லை, ஆனா பெண்டிங்குக்கு அது ரெண்டும் ரெண்டு வேற மெட்டீரியல்.

ஏன்னா ஸ்பிரிங்பேக் வர்றதே அதுலதான். ட்யூபை வளைக்கும்போது ஒரு பங்கு நிரந்தரமா வளையுது, ஒரு பங்கு ரப்பர் மாதிரி இழுபட்டு நிக்குது, புடியை விட்டதும் அந்தப் பங்கு திரும்பிடும். திரும்புற அளவு தோராயமா ஈல்டுக்கு நேர் விகிதத்துல போகும். உங்க 90 டிகிரி பெண்ட் 260 மெட்டீரியல்ல 3 டிகிரி திரும்புதுன்னு வெச்சுக்குங்க, 340ல அது 3.9 டிகிரி பக்கம் போயிடும். அந்த 0.9 டிகிரி 400 மிமீ நீளமான சீட் காலோட நுனியில 6 மிமீக்கு மேல வெளிய தள்ளி நிக்கும். உங்க கட்டுக்குள்ள வர்ற ஒரு டிகிரி எங்கேருந்து வருதுன்னு இதுலயே தெரியும், டீலர் குடோன்ல ரெண்டு ஹீட் ஒரே கட்டா கட்டப்பட்டிருக்கணும்.

மெஷின் புதுசுங்கிறதால ட்யூபோட குணம் மாறாது. உங்களோடது மாதிரி சர்வோ மெஷின் ஆர்மை ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல கொண்டு போய் நிறுத்தும், அவ்வளவுதான் அதால முடியும், விட்டதும் ட்யூப் எவ்வளவு திரும்பணும்னு ட்யூப்தான் முடிவு பண்ணும்.

என்ன பண்ணலாம்னா, ஆர்டர் போடும்போதே ஒரு லோடுக்கு ஒரே ஹீட் நம்பர் வேணும்னு எழுத்துல கேளுங்க, ஈல்டுக்கு மேல் வரம்பும் ஒண்ணு கேளுங்க, குறைஞ்சது 240, அதிகபட்சம் 300ங்கிற மாதிரி. சின்ன அளவு வாங்குறவங்களுக்கு டீலர் ஒத்துக்க மாட்டார்னு சொல்வீங்க, தெரியும், அப்ப உங்க வாசல்லயே பிரிச்சுக்குங்க. ஒவ்வொரு கட்டு வந்ததும் அதுல நாலஞ்சு லென்த்ல இருந்து ஒவ்வொரு துண்டு வெட்டி ஒரே நம்பர்ல பெண்ட் போட்டுப் பாருங்க, வர்ற ஆங்கிளை வெச்சு கட்டு முனையில பெயின்ட் அடிங்க, பச்சைக்கு ஒரு புரோகிராம், மஞ்சளுக்கு ஒரு புரோகிராம். ஒரே கட்டுக்குள்ள கலந்திருந்தா அந்தக் கட்டைத் தனியா வெச்சு, ஆங்கிள் தளர்வா இருந்தாலும் பரவாயில்லைங்கிற பார்ட்டுக்கு ஓட்டுங்க. பச்சை ட்யூபும் மஞ்சள் ட்யூபும் ஒரே ஸ்டாண்டுல நிக்கவே கூடாது, இதுல மட்டும் கறாரா இருங்க.

இதே பஸ்ஸுக்குக் கைப்புடி கம்பி ஸ்டெயின்லெஸ் 304ல போடுறவங்க இருப்பீங்க, அவங்களுக்கு ஒரு வார்த்தை. 304 வளைய வளைய கெட்டியாயிக்கிட்டே போற ஜாதி, மைல்ட் ஸ்டீலை விட திரும்புறதும் அதிகம், மைல்ட் ஸ்டீலோட புரோகிராமை எடுத்து நம்பரை மட்டும் கொஞ்சம் ஏத்திக்கலாம்னு நினைக்காதீங்க, புதுசா டிரயல் எடுங்க. அலுமினியம்னா இன்னும் கவனம். அதோட எலாஸ்டிக் மாடுலஸ் (விறைப்பு) ஸ்டீலோடதுல மூணுல ஒரு பங்குதான், அதனால அதே ஈல்டுக்கு மூணு மடங்கு திரும்பும், சாஃப்டா இருக்கேன்னு கையால தொட்டுப் பாத்து ஏமாந்துடக் கூடாது.

கேள்வி: சார், 90 டிகிரிக்கு செட் பண்ணி சதவீதக் கணக்குல எல்லா ஆங்கிளுக்கும் கரெக்ஷன் போட்டேன். 90 சரியா வருது, 15 டிகிரி பெண்ட் மட்டும் எப்பவும் ஒரு டிகிரி கம்மியா 14 பக்கம் வருது. மெஷின்ல கோளாறா?

பதில்: மெஷின் நல்லா இருக்கு, சதவீதம்தான் தப்பு. ஸ்பிரிங்பேக்ல ரெண்டு பங்கு இருக்கு, ஆங்கிளோட சேர்ந்து வளர்றது ஒண்ணு, எந்த ஆங்கிளா இருந்தாலும் கிட்டத்தட்ட மாறாம நிக்கிறது இன்னொண்ணு. சின்ன ஆங்கிள்ல அந்த மாறாத பங்குதான் பெருசா தெரியும், சதவீதம் போட்டா அதுக்கு இடமே இல்லை.

ரெண்டு டிரயல் போடுங்க, ஒண்ணு 30, ஒண்ணு 120. உதாரணத்துக்கு 30 கொடுத்தா 28 வருது, 120 கொடுத்தா 116 வருதுன்னு வெச்சுக்குவோம். கொடுத்ததுல 90 டிகிரி வித்தியாசம், வந்ததுல 88. அப்ப ஒரு டிகிரி கொடுத்தா 0.978 வருது. 30ஐ 0.978ஆல பெருக்குனா 29.33, ஆனா வந்தது 28, அப்ப மாறாத பங்கு 1.33 டிகிரி. இனிமே எந்த ஆங்கிள் வேணுமோ அதோட 1.33ஐக் கூட்டி 0.978ஆல வகுங்க. 90 வேணும்னா 93.4 கொடுக்கணும். 15 வேணும்னா 16.7. உங்க சதவீதக் கணக்குப்படி 15க்கு நீங்க கொடுத்திருப்பீங்க 15.6, அதுல வர்றது 13.9தான். உங்க கேள்வில இருக்கிற அந்த ஒரு டிகிரி அப்படியே வந்துடுச்சு பாருங்க.

நிறைய கன்ட்ரோலர்ல ரெண்டு ஆங்கிள் டிரயலோட ரிசல்ட்டைப் போட்டா மிச்சத்தை அதுவே கணக்குப் பண்ணிக்கும், மெனுவுல ஸ்பிரிங்பேக் பக்கத்துல தேடுங்க. ஒவ்வொரு டை ஆரத்துக்கும், ஒவ்வொரு மெட்டீரியலுக்கும், ஒவ்வொரு தடிமனுக்கும் தனி டிரயல், ஒண்ணோடதை இன்னொண்ணுக்கு எடுத்துப் போடக் கூடாது.

கேள்வி: வணக்கம் சார். கோயம்புத்தூர்ல டிப்ளமோ முடிச்சுட்டு அப்ரன்டிஸா சேர்ந்து அஞ்சு மாசம் ஆகுது. நான் அளந்தா 90.2, குவாலிட்டில அக்கா அளந்தா 89.6, பிக்ஸர்ல (பார்ட் சரியா உக்காருதான்னு பாக்குற சட்டம்) வெச்சா ஓகே ஆகுது. புதுப் பொண்ணு, அளக்கத் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. உண்மைல எனக்குத்தான் தெரியலையா?

பதில்: தெரியலைன்னு ஒத்தை வார்த்தைல முடிக்கிற விஷயமில்லைம்மா இது. மூணு அளவு மூணு விதமா வந்தா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அளக்கிற முறையை. ஒரே ஒரு பீஸை எடுத்துக்குங்க, நீங்க அஞ்சு தடவை, அந்த அக்கா அஞ்சு தடவை, ஒருத்தர் அளவை இன்னொருத்தர் பாக்காம எழுதுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல அரை டிகிரி வந்தா, டாலரன்ஸ் அரை டிகிரி இருக்கிற பார்ட்டை இந்த முறைல ஓகேன்னோ ரிஜெக்ட்னோ சொல்ல யாருக்குமே வழியில்லை, அந்த அக்காவையும் சேர்த்துத்தான்.

எங்க வித்தியாசம் வருதுன்னா, பெரும்பாலும் புரோட்ராக்டரோட கை ட்யூப்ல எங்க உக்காருதுங்கிறதுல. பெண்ட் முடிஞ்ச உடனே இருக்கிற பகுதி முழு நேரா இருக்காது, கொஞ்சம் தட்டையாவும் இருக்கும், அந்த இடத்துல வெச்சா ஒரு நம்பர், தள்ளி வெச்சா வேற நம்பர். வளைவு முடியிற இடத்துல இருந்து குறைஞ்சது ஒரு ஓடி தூரம் தள்ளி வெச்சு அளங்க, எங்க வெக்கணும்னு ரெண்டு பேரும் பேசி ஒரு கோடு போட்டு வெச்சுக்குங்க. நேர் பகுதியே வில்லு மாதிரி வளைஞ்சிருக்கான்னு ஸ்டிரெயிட் எட்ஜ் வெச்சு ஒரு தடவை பாருங்க, வளைஞ்ச ட்யூப் வந்தா உங்க பெண்ட் எவ்வளவு சரியா இருந்தாலும் ஆங்கிள் தப்பாத்தான் தெரியும்.

பிக்ஸர்ல ஓகே ஆகுதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை. டாகிள் கிளாம்பை அழுத்தி மூடுனா ட்யூப் அரை டிகிரி வளைஞ்சு கொடுத்துப் போய் உக்கார்ந்துடும். மெல்லிசான நீள ட்யூப்னா கையாலயே தள்ளி உக்கார வெச்சுடலாம். கிளாம்ப் போடாம சும்மா மேல வெச்சு, இடுக்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) எவ்வளவு போகுதுன்னு பாருங்க, அதுதான் உண்மையான நிலவரம். இதை யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இல்லாம, இப்படிச் செஞ்சு பாக்கலாமா அக்கான்னு கேளுங்க. அஞ்சு மாசத்துல இப்படி ஒரு கேள்வி தோணுச்சே, அதுவே எனக்கு ரொம்ப சந்தோஷம்மா.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எக்ஸாஸ்ட் பைப் ஓட்டுறோம். ஒரு பைப்ல அஞ்சு பெண்ட், முதல் நாலு அருமையா வருது, அஞ்சாவது மட்டும் ஆட்டம் காட்டுது, அதுலயும் ஒரு தடவை கூட, ஒரு தடவை கம்மி. மேண்ட்ரலை முன்ன பின்ன தள்ளிப் பாத்தாச்சு, பிரஷர் டையையும் (ட்யூபை வெளிப்பக்கத்துல இருந்து அமுக்கித் தாங்குற டை) மாத்திப் பாத்தாச்சு.

பதில்: மேண்ட்ரலும் பிரஷர் டையும் கெட்டிருந்தா முதல் பெண்ட்லயே தெரிஞ்சிருக்கும், அதை இருந்த இடத்துலயே திரும்ப வெச்சிடுங்க. பிரஷர் டை பிரஷர் ஏறுனா ட்யூப் இழுபட்டு ஸ்பிரிங்பேக் குறையும், இறங்குனா கூடும், உண்மைதான், ஆனா அது அஞ்சு பெண்ட்டையும் சேர்த்து மாத்தும். ஒண்ணு மட்டும் கெடுதுன்னா அந்தப் பெண்ட்டுக்கு மட்டும் என்ன வித்தியாசம்னு கேளுங்க.

அஞ்சாவது பெண்ட் நடக்கும்போது ஏற்கெனவே வளைஞ்ச நாலு பெண்ட்டும் கிளாம்புக்கு வெளிய கொக்கி மாதிரி தொங்கிக்கிட்டு ஆர்மோட சேர்ந்து சுத்தும். எடை ஒரு பக்கமா இருக்கும், ஆர்ம் வேகமா சுத்தி டக்குனு நின்னா அந்த வால் வீச்சுல இன்னும் கொஞ்சம் போகப் பாக்கும். அந்த ஒரு பெண்ட்டுக்கு மட்டும் ஸ்பீடைப் பாதியாக்கி இருவது பீஸ் ஓட்டுங்க, சிதறல் அடங்குனா விடை கிடைச்சுடுச்சு. வால் சுத்தும்போது மெஷின் பெட்லயோ ஸ்டாண்டுலயோ லேசா உரசுதான்னும் பக்கத்துல நின்னு, ஆனா ஆர்ம் சுத்துற வட்டத்துக்கு வெளியில நின்னு, பாருங்க. பெயின்ட்ல ஒரு சின்னக் கீறல் இருந்தாகூட அது சாட்சி.

அது இல்லைன்னா நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல நேர் பகுதி எவ்வளவுன்னு டிராயிங்கைப் பாருங்க. சாதாரண கிளாம்ப் டைக்கு ஓடியைப் போல ரெண்டு மூணு மடங்கு நேர் பகுதி இருந்தாத்தான் நல்லா புடிக்கும், இடம் பத்தாம போனா கிளாம்ப் பாதி நேர்லயும் பாதி முந்தின வளைவுலயும் உக்காரும், அப்புறம் சறுக்கும். அதுக்கு உள்பக்கம் சொரசொரப்பா வெட்டுன கிளாம்ப், இல்லைன்னா வளைவுக்கு ஏத்த மாதிரி குடைஞ்ச கிளாம்ப் தனியா பண்ணணும், செலவு உண்டு.

இன்னொண்ணும் பாத்துடுங்க, அது ஆங்கிள்தானான்னு. கோலெட், அதாவது ட்யூபோட பின்முனையைப் புடிச்சிருக்கிற புடி, கொஞ்சம் தளர்ந்து ட்யூப் ஒரு டிகிரி சுத்திக்கிச்சுன்னா அஞ்சாவது பெண்ட் வேற தளத்துல போயிடும், டேபிள்ல படுக்க வெச்சு மேல இருந்து அளந்தா அது ஆங்கிள் தப்பு மாதிரியே தெரியும். கோலெட் வாய்லயும் ட்யூப்லயும் சேர்த்து ஒரு நீளக் கோடு போட்டு அஞ்சு பெண்ட்டும் முடிஞ்ச பிறகு கோடு உடைஞ்சிருக்கான்னு பாருங்க. உடைஞ்சிருந்தா கோலெட் பிரஷரும் அதோட உள் தேய்மானமும்தான் வேலை.

கேள்வி: ஈஆர்டபிள்யூ ட்யூப்ல தையல் எந்தப் பக்கம் இருக்கணும்?

பதில்: வளைவோட வெளிப்பக்கமும் வேணாம், உள்பக்கமும் வேணாம், ரெண்டுக்கும் நடுவுல பக்கவாட்டுல இருக்கட்டும். அங்கதான் இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை. வெளிப்பக்கம் வந்தா வெடிக்கவும் வாய்ப்பு, தையல் மத்த இடத்தை விடக் கெட்டி, அதனால ஒரு பீஸுக்கு வெளியில ஒரு பீஸுக்கு பக்கவாட்டுலன்னு போனா ஆங்கிளும் ஒத்து வராது. பல தளத்துல வளையிற பைப்புக்கு எல்லாப் பெண்ட்லயும் பக்கவாட்டுல வைக்க முடியாது, அப்ப ரொம்ப இறுக்கமான பெண்ட்டுக்கு முன்னுரிமை கொடுங்க. தையல் கண்ணுக்குத் தெரியாத மாதிரி சீவின ட்யூப்னா வெட்டும்போதே முனையில பெயின்ட் மார்க்கர்ல ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்க, லோடு பண்றவர் அந்தப் புள்ளியைப் பாத்து கோலெட்ல வெச்சா போதும்.